என் மகனைச் சாப்பிடச் சொன்னது நான்தான்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் வெர்லின் ஓல்ட்மன் அவர்களே! மில்வர்ட் உயர்நிலைப் பள்ளியின் மல்யுத்தப் பயிற்சியாளர், இந்த ஊர்ப் பிள்ளைகளைப் புரட்டியெடுத்துப் புடம்போட்டு வரும் ஹாங்க் ரெடிங்கர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும், முட்டி தேய்ந்தாலும் முறுக்குக் குறையாத முன்னாள் மல்லர்களே! பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறிப் பரிமாறித் தாங்கள் இன்னும் ஒரு வாய்கூட உண்ணாமல் நிற்கும் தாய்மார்களே! தலையில் தொப்பியும் மார்பில் கட்டிய கையுமாகச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! இந்த விழாவின் நாயகர்களாகிய வீரர்களே, வீராங்கனைகளே! உங்கள் அனைவருக்கும் ரோசலிண்ட் குபிசெக்கின் வணக்கம்.

பள்ளிப் படிப்பை முடித்துப் போகும் ஒவ்வொரு வீரன் வீட்டிலிருந்தும் ஒருவர் மேடையேறி, இரண்டே நிமிடம் நன்றி சொல்ல வேண்டும் என்பது நம் விளையாட்டு ஆதரவாளர் சங்கத்தின் வழக்கம். நான் படியேறும்போது தலைவர் என் காதோரம் வந்து, "ரோஸ், நன்றி மட்டும் போதும். வேற எதையும் கிளறாதே" என்றார். வெர்லின் அவர்களே, நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் நன்றி என் நாவில் இருக்கிறது. நியாயம் என் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சில் இருப்பதை இறக்கி வைத்தால்தானே நாவில் இருப்பது நல்லபடியாக வெளியே வரும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மளிகைக்கடையில் என்னைப் பற்றிப் பேசினீர்கள். தேவாலய வாசலில் பேசினீர்கள். தானியக் கிடங்கில் லாரியை நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டுப் பேசினீர்கள். "பெத்த பிள்ளையோட எதிர்காலத்தையே கெடுத்துட்டா!" முதுகுக்குப் பின்னால் அவ்வளவு நாள் பேசினீர்களே, இன்று முகத்துக்கு முன்னால் பேசலாம். இதோ என் முகம்! இங்கேதான் நிற்கிறேன், எங்கும் ஓடிவிடவில்லை!

என் மகன் டேவினை உங்களுக்குத் தெரியும். அதோ, "அம்மா எப்போது இறங்குவாள்" என்று தரையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருக்கிறானே, அந்த உயரப் பையன்தான். அவன் நடக்கப் பழகியது எங்கள் வீட்டுக்குள். மல்லுக்கட்டப் பழகியது எங்கள் இயந்திரக் கொட்டகைக்குள். டிராக்டருக்கும் விதைப்பு இயந்திரத்துக்கும் நடுவே பழைய மெத்தையை விரித்து, அவன் அப்பாவிடம் பழகினான். என் கணவர் லைலும் இதே பள்ளியின் மல்லர். அவர் பெயர் அந்தச் சுவரில், வென்றவர்கள் பட்டியலில் இருக்கிறது. யாரும் டேவினை இழுத்து வந்து மெத்தையில் தள்ளவில்லை. தானாக வந்தான், தாவி வந்தான், தூக்கத்தில்கூடத் தலையணையைக் கிடுக்கிப்பிடி போட்டான்.

போன வருடம் மாநிலப் போட்டியில் அவன் இரண்டாம் இடம் வாங்கினான். நினைவிருக்கிறதா? பாதி ஊர் கடையைப் பூட்டிவிட்டுத் தலைநகருக்கு வந்தது. அந்த வெற்றிக்குப் பின்னால்தான் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து, பெயரை விட்டுவிடுவோம், லாண்டிஸ் என்பவர் எங்கள் வீடு தேடி வந்தார். கல்லூரி அணிக்கு ஆள் பிடிப்பது அவர் வேலை. நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. என் சமையலறை மேசையில் உட்கார்ந்து பன்றித் துண்டு வறுவலை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு சொன்னார்:

"டேவின், எங்க அணியில மேல் எடைப் பிரிவெல்லாம் ஆள் நிறைஞ்சு கிடக்கு. லேசான எடைப் பிரிவு ஒண்ணுதான் காலி. வர்ற சீசனும் நீ இதே எடையில நில்லு. ஏப்ரல்ல கையெழுத்துப் போட்டுடலாம். படிப்பு, தங்கறது, சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு."

நான் கேட்டேன்: "மிஸ்டர் லாண்டிஸ், பையன் இந்தக் கோடையில சோளத்தட்டை மாதிரி வளர்ந்துட்டான். போன வருஷப் பேண்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு. அதே எடையில எப்படி நிப்பான்?"

அவர் சிரித்தார். "எல்லா அம்மாவும் இதையேதான் கேக்கறாங்க, மிசஸ் குபிசெக். எல்லாப் பையனும் நின்னுடறான். அந்த ஆப்பிள் பை இன்னொரு துண்டு கிடைக்குமா? பிரமாதம்!"

அவர் அந்த ஆப்பிள் பலகாரத்தைத் தின்றார். என் மகன் எதிரே உட்கார்ந்து பனிக்கட்டியை மென்றான். சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று சொன்னவரே சாப்பிட்டார், சபையோரே! சாப்பாடு யாருக்கு வாக்களிக்கப்பட்டதோ அவன் உறைந்த தண்ணீரைக் கடித்துக்கொண்டிருந்தான்!

அவர் போனதும் நான் லைலைப் பிடித்துக்கொண்டேன். லைல் சொன்னார்: "நாங்களும் எடை குறைச்சவங்கதான் ரோஸ். செத்தா போயிட்டோம்?"

"லைல், அந்த வயசுல நீ வளர்றதையே நிறுத்திட்டே. இன்னிக்கும் அதே உயரத்துலதான் நிக்கிறே. இவன் உன்னைத் தாண்டிப் போயிட்டிருக்கான்!"

சிரிக்காதீர்கள், அவர் அங்கேதான் இருக்கிறார். டேவின் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, இது என் ஆசைம்மா. கெடுத்துடாதே" என்றான். வாரம் தவறாமல் வாதாடினேன். வாரம் தவறாமல் தோற்றேன். ஒரு பக்கம் மகனின் ஆசை, ஒரு பக்கம் கணவரின் பெருமை, ஒரு பக்கம் இந்த ஊரின் கைத்தட்டல். எதிரே ஒரு தாயின் குரல், ஒற்றைக் குரல்!

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பன்றி வளர்க்கிறோம். தீவனம் போட்டு, தண்ணீர் காட்டி, ஒவ்வொரு பன்றிக்கும் எடை ஏறினால் கொண்டாடுகிறோம். அதே வீட்டில் என் மகனுக்கு எடை ஏறினால் இழவு விழுந்த மாதிரி இருந்தது! கொட்டகையைச் சுற்றிச் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு ஓடினான். எடை குறையட்டும் என்று எச்சிலைக்கூடப் புட்டியில் துப்பினான். பொங்கிச் சிரித்த பிள்ளை பேச்சை மறந்தான். விரல்கள் எப்போதும் சில்லிட்டிருந்தன. கிறிஸ்துமஸுக்கு நான் பிஸ்கட் சுட்டபோது, மேலங்கியை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிக் கொட்டகைக்குப் போய்விட்டான். "எங்கேடா போறே?" என்றேன். "வாசனைகூட வேண்டாம்மா" என்றான்.

வாசனைகூட வேண்டாம்! பண்டிகை நாளில், பெற்ற வீட்டில், தாயின் அடுப்பு மணத்துக்குப் பயந்து ஒரு பிள்ளை பன்றிக் கொட்டகையில் ஒளிகிறான். இதற்குப் பெயர் கட்டுப்பாடா? இதற்குப் பெயர் வீரமா? இதற்குப் பெயர் விளையாட்டா?

மாநில அரசின் விதி இருக்கிறதே என்கிறார் முன்வரிசைப் பெரியவர். இருக்கிறது, ஐயா. இதற்குக் கீழே எடை போகக்கூடாது என்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே என் மகனை நிறுத்தி வைத்திருந்தார்கள். விதி மீறப்படவில்லை. பிள்ளைதான் மெலிந்துகொண்டே போனான்.

ஜனவரியில் ஒரு பிற்பகல். தீவன வாளியோடு போனவன் திரும்பவில்லை. தேடிப் போன லைல் என்னைக் கூவி அழைத்த குரல் இருக்கிறதே, திருமணமாகி இத்தனை ஆண்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கதவைத் திறந்தேன். தன்னைவிட உயரமான மகனைக் குழந்தைபோல் மார்பில் தாங்கிக்கொண்டு பனியில் வந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று சொன்னார்:

"இவனுக்குக் கனமே இல்ல, ரோஸ்."

அவ்வளவுதான் சொன்னார். என் வாதங்கள் எல்லாம் சேர்ந்து சாதிக்காததை அந்த நடை சாதித்துவிட்டது. 

மருத்துவமனையில் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். "உடம்பு வறண்டு போயிருக்கு, இதயம் தாளம் தப்பித் துடிக்குது. இனி இப்படி விட்டா நான் பொறுப்பில்ல" என்றார் மருத்துவர். மறுநாள் காலை வீடு திரும்பினோம். லைல் அடுப்பைப் பற்றவைத்து முட்டை பொரித்தார். தட்டை டேவின் முன்னால் வைத்தார். டேவின் தட்டைத் தள்ளினான்.

"நாளைக்குப் போட்டி இருக்குப்பா. இப்ப சாப்பிட்டா எல்லாம் போச்சு. லாண்டிஸ் வேற ஆளைப் பாத்துடுவார்."

"பாக்கட்டும்" என்றார் லைல்.

"அப்பா! நீங்களுமா?"

"நானும்தான்."

அப்போது நான் சொன்னதை இந்த ஊர் எப்படி எப்படியோ திரித்துப் பேசியது. நான் சொன்ன சொல்லை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்: "டேய், மல்லு உன் ஆசை. அதுல நான் கை வைக்க மாட்டேன். எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்சியாளர், எல்லாம் நீயே முடிவு பண்ணு. நாளைக்கே மல்லு வேண்டாம், பாட்டுப் பாடப் போறேன்னு சொன்னாலும் முன்வரிசையில உக்காந்து கை தட்டுவேன். ஆனா இந்தப் பட்டினி உன் ஆசை கிடையாது. யாரோ ஒருத்தர் அணியில ஒரு காலி இடம் இருக்கு. அந்த ஓட்டைக்குள்ள நுழையற அளவுக்கு என் பிள்ளையைச் செதுக்கறாங்க. அதுக்கு நான் விடமாட்டேன். சாப்பிடு."

அவன் என்னை முறைத்தான். பிறகு அழுதான். சின்ன வயதில் கை முறிந்தபோதுகூட அழாதவன், அழுதுகொண்டே ஒரு வாய் தின்றான், இன்னொரு வாய் தின்றான். லைல் அடுப்பை அணைக்கவே இல்லை. பொரித்துப் பொரித்துத் தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தார். ஆமாம், ஊரே! என் மகனைச் சாப்பிடச் சொன்னது நான்தான்! ஒளித்தும் சொல்லவில்லை, ஓரமாகவும் சொல்லவில்லை. இந்த ஒலிபெருக்கியிலும் சொல்கிறேன், நான்தான்!

மறுநாள் பயிற்சியாளர் அறைக்கு நானே போனேன். ஹாங்க், நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பையன் எதிர்காலத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க, ரோசலிண்ட்!" நான் என்ன சொன்னேன்? "நான் போட்டது மண்ணு இல்ல ஹாங்க், முட்டை!" நடந்ததா, இல்லையா? தலையாட்டுகிறார். நேர்மையான மனிதர். விழுந்தால் எழ வேண்டும் என்று என் மகன் கற்றது இவரிடம்தான். அந்த மரியாதை என் மனத்தில் இன்றும் உண்டு. மரியாதை வேறு, மௌனம் வேறு. மரியாதை தருகிறேன், மௌனம் தரமாட்டேன்.

லாண்டிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு ரொட்டித் துண்டு வாட்டும் நேரம்கூட அந்தப் பேச்சு நீடிக்கவில்லை. இடம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது. டேவின் தொலைபேசியை வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அப்பாவிடம் கேட்டான். என் மேசையில் உட்கார்ந்து, என் சமையலை உண்டு, என்னைக் காற்றைப் போலக் கடந்து போனான். அந்த வாரங்களில் ஊர் பேசியது எனக்கு உறைக்கவே இல்லை. என் பிள்ளை பேசாதது மட்டும்தான் உறைத்தது. ஆனாலும் ஒரு தட்டு குறைத்து வைத்தேனா? இல்லை. நாள்தோறும் நிரப்பி நிரப்பி வைத்தேன்!

மருத்துவர் சம்மதித்த பிறகு அவன் மறுபடி மெத்தை ஏறினான், இரண்டு எடைப் பிரிவு மேலே. அந்தப் பிரிவில் நம் பள்ளிப் பையன் தோள் மூட்டு நழுவி ஆட முடியாமல் உட்கார்ந்திருந்ததால் இடம் காலியாக இருந்தது. எதிரே வந்தவர்களோ கழுத்தா தோளா என்று பிரித்தறிய முடியாத பிள்ளைகள். தட்டுத் தடுமாறி மாநிலப் போட்டிவரை போனான். அங்கே தோற்றான். தோற்றவர்களுக்கான சுற்றில் ஏறி ஏறி வந்து, கடைசி ஆட்டத்தில் மறுபடியும் தோற்றான். பதக்கம் இல்லை. மேடை இல்லை. நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அதற்குள் கிளம்பி வாகனத்தில் ஏறிவிட்டீர்கள், நான் பார்த்தேன்.

நீங்கள் பார்க்காததை நான் சொல்கிறேன். அவன் மெத்தையை விட்டிறங்கி, படிக்கட்டு இருக்கைகளில் ஏறி ஏறி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான். வியர்வை சொட்டியது. அத்தனை வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக வாய் திறந்தான்:

"அம்மா, ஆட்டத்தோட மூணாவது சுற்றுலகூட என் கால் நடுங்கவே இல்லம்மா."

கண்ணீரை மறைக்க நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பசிக்குது. பையில என்ன இருக்கு?"

தாய்மார்களே! கோப்பை வாங்கிய தாய் இங்கே உண்டு; பதக்கம் வாங்கிய தாய் உண்டு. "பசிக்குது" என்ற ஒரு சொல்லை வாங்கியவள் நான். அந்தச் சொல்லுக்கு ஈடாக எந்தக் கோப்பையையும் நான் ஏற்கமாட்டேன்!

மார்ச் மாதம் அவனே ஒரு சின்னக் கல்லூரியைக் கூப்பிட்டுப் பேசினான். மின்னசோட்டாவில், ஏரிக்கரை ஊர். பெரிய பெயர் கிடையாது, தொலைக்காட்சியில் வராது. மூவருமாகக் காரில் போனோம். வாசலில் நிறுத்தியதும், "கூட வரட்டுமாடா?" என்றேன். "வேண்டாம்மா, நான் பேசிக்கறேன்" என்றான். நானும் லைலும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் பனி படிந்தது. லைல் இருப்புக் கொள்ளாமல், "ரொம்ப நேரமாச்சே, ஹாரன் அடிக்கட்டுமா?" என்றார். "அடிச்சே, நீ நடந்துதான் ஊருக்குப் போவே" என்றேன். சபையோரே, மெத்தை ஓரத்தில் கத்துவது எளிது. காருக்குள் வாயை மூடி உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, பெற்றவர்களுக்கு அதைவிடக் கடினமான மல்யுத்தம் உலகத்தில் இல்லை!

டேவின் வந்தான். "அந்தப் பயிற்சியாளர் என்ன கேட்டார்?" என்றேன்.

"'யாரும் எடை பாக்காதப்போ உன் எடை என்ன?'ன்னு கேட்டார். சொன்னேன். 'அந்த எடைக்கு இடம் இருக்கு, வா'ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"யோசிக்கிறியா?" என்று லைல் அலறினார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். யோசிக்கட்டும்! பிறர் முடிவுக்கே தலையாட்டிப் பழகிய பிள்ளை தன் முடிவுக்குத் தானே நேரம் கேட்கிறான், கேட்கட்டும்! யோசித்தான். சம்மதித்தான். இலையுதிர் காலத்தில் அங்கே போகிறான். செலவில் ஒரு பகுதியைக் கல்லூரி ஏற்கும், மீதியை நாங்களும் அவனும் உழைத்துக் கட்டுவோம். "பெரிய இடம் கை நழுவிடுச்சே" என்று இன்னும் சிலர் உச்சுக்கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். நழுவியது ஓர் இடம். நழுவாதவன் என் மகன்!

தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். வெர்லின் அவர்களே, விழாத் தொடக்கத்தில் நீங்கள் வாசித்த அறிவிப்பால்தான் என் பேச்சு நீள்கிறது. அடுத்த மாதம் லாண்டிஸ் மீண்டும் வருகிறாராம், இளைய பிள்ளைகளைப் பார்க்க. நல்லது, வரட்டும். மல்யுத்த அறையில் பேச்சு நடக்குமாம். நடக்கட்டும். பெற்றோர் மட்டும் வெளியே காத்திருக்க வேண்டுமாம்! ஏன்? பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதற்கே நம் சம்மதம் கேட்கிற பள்ளி, அவர்கள் உடம்பைப் பற்றிப் பேரம் பேசும்போது நம்மை வெளியே நிறுத்துவதா? பெற்றவர் கேட்கக்கூடாத பேச்சு ஒன்று உண்டென்றால், அந்தப் பேச்சைப் பிள்ளையும் கேட்கக்கூடாது!

என்ன டுவெயின்? சுவரோரமிருந்து கத்துகிறீர்களே, உரக்கச் சொல்லுங்கள். "இப்படியெல்லாம் பேசினா பெரிய பல்கலைக்கழகம் எதுவும் நம்ம ஊர்ப் பக்கமே வராது" என்கிறார். வராவிட்டால் போகட்டும், டுவெயின்! தாய் தந்தையைக் கண்டால் தயங்கும் கல்லூரி நம் வாசலுக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

கிறிஸ்டல் ஹேவர்காம்ப் எழுந்து நிற்கிறார். இவர் மகன்தான் அடுத்த சீசனில் லேசான பிரிவுக்கு. சொல்லுங்கள் கிறிஸ்டல். கேட்டீர்களா, சபையோரே? "என் பையன் இப்பவே மதியச் சாப்பாட்டைத் தொடறதில்ல, ரோஸ். கேட்டா, அறையை விட்டு வெளிய போம்மாங்கறான்" என்கிறார். உட்காராதீர்கள் கிறிஸ்டல். அப்படியே நில்லுங்கள்.

ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லித் தலைவர் சைகை காட்டுகிறார். அணையுங்கள்! அரை மைல் தூரத்துப் பன்றியைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. இந்தக் கூடம் எனக்கு ஒரு பொருட்டா?

கேட்கிறதா, கடைசி வரிசைக்கு? கேட்கிறது! அப்படியானால் இதையும் கேளுங்கள். என் மகனின் பள்ளி நாட்கள் முடிந்தன. அந்த அறையில் இனி எனக்கு வேலை இல்லை, வழக்கு இல்லை, லாபம் இல்லை. ஆனாலும் லாண்டிஸ் வரும் நாளில் நான் அங்கே இருப்பேன். கதவு மூடியிருந்தால் தட்டுவேன். திறக்காவிட்டால் மீண்டும் தட்டுவேன். கிறிஸ்டலோடு உள்ளே போவேன், அவர் மகனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். பிள்ளை எதை விளையாடுவான் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். எங்கே போவான் என்பதையும் பிள்ளையே சொல்லட்டும். அவன் உடம்பை எவனாவது விலையாகக் கேட்டால், "கிடையாது" என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அதற்காகத்தான் பெற்றவர்கள் இருக்கிறோம்! வருகிறீர்களா, தாய்மார்களே? வருகிறீர்களா, தந்தைமார்களே?

அதோ ஒரு தாய் எழுகிறார். அதோ இன்னொருவர். சுவரோரத் தொப்பிகளில் இரண்டு கழல்கின்றன. போதும், அந்த அறைக்கு இத்தனை பேரே அதிகம்!

பரிமாறிய கைகளுக்கு நன்றி. பழக்கிய பயிற்சியாளருக்கு நன்றி. இரண்டு நிமிடம் தந்து இத்தனை நேரம் பொறுத்த தலைவருக்குப் பெரிய நன்றி. நின்றவர்களை வாழ்த்துகிறேன், உட்கார்ந்திருப்பவர்களையும் வாழ்த்துகிறேன், அடுத்த மாதம்வரை எழுந்திருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. வணக்கம்!